இரண்டு கேபிள் போட்டால் இரண்டு மடங்கு வேகமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு கேபிளில் நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது. இன்னொரு கேபிளையும் சேர்த்துப் போட்டால் வேகம் இரண்டு மடங்காகுமா?" என்பதுதான் அது.

"ஆகும்" என்று ஒரு முறை நானே நம்பினேன். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு, எலெக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் வேலையும் பார்த்துக்கொண்டு அப்படி நம்பியதால், என் மாமாவின் பட்டறையில் லோடு ஏற்றிய லாரி ஒன்று இரண்டரை மணி நேரம் கிளம்ப முடியாமல் நின்றது. அந்தக் கதையோடு சேர்த்தே இந்த விஷயத்தைப் பார்க்கலாம். இதற்கு லிங்க் அக்ரிகேஷன் என்று பெயர். பெயர்தான் பெரியது, விஷயம் எளிது.

அன்று நடந்தது என்ன?

எங்கள் ஊர் தொரப்பள்ளி. ஓசூருக்குப் பக்கத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர். 1878இல் ராஜாஜி பிறந்த ஊர் என்றால் பலருக்கும் தெரியும். இன்று ஊரைச் சுற்றியுள்ள பகுதிகளில் லேத் பட்டறைகளும் சிறிய கம்பெனிகளும் நிறைய உண்டு. சிப்காட்டிலும் எல்லை தாண்டி கர்நாடகத்திலும் உள்ள பெரிய தொழிற்சாலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவை இவை. என் மாமாவின் பட்டறையும் அப்படி ஒன்றுதான்.

பட்டறையின் முன்பக்கம் ஆபீஸ். அங்கே ஒரு ஸ்விட்ச். பில் போடும் கம்ப்யூட்டர், பிரிண்டர், டிராயிங் பைல்களைச் சேமித்து வைக்கும் ஒரு கம்ப்யூட்டர், கேமரா பதிவுகளைச் சேமிக்கும் ரெக்கார்டர், இன்டர்நெட் மோடம் ஆகிய எல்லாம் அதில் இணைக்கப்பட்டிருந்தன. பின்பக்கம் இன்னொரு ஸ்விட்ச். டிராயிங் போடும் மூன்று கம்ப்யூட்டர்களும் எட்டு கேமராக்களும் அதில் இருந்தன. இரண்டு ஸ்விட்சுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு கேபிள்.

"மாப்ளே, டிராயிங் திறக்க ரொம்ப நேரம் ஆவுதுன்னு பசங்க சொல்றாங்க. கொஞ்சம் பாரேன்" என்றார் மாமா. நான் பார்த்தேன். இரண்டு ஸ்விட்சிலும் போர்ட்டுகள் காலியாக இருந்தன. கையில் ஒரு கேபிளும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, இரண்டு ஸ்விட்சுகளுக்கும் நடுவில் இரண்டாவது கேபிளைச் செருகினேன்.

அடுத்த சில விநாடிகளில் இரண்டு ஸ்விட்சிலும் எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் படபடவென்று மினுக்க ஆரம்பித்தன. டிராயிங் திறக்கவில்லை. பிரிண்டர் கிடைக்கவில்லை. இன்டர்நெட்டும் போய்விட்டது. பில் போடும் கம்ப்யூட்டரில், பைல் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கைத் திறக்க முடியவில்லை.

வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. பொம்மசந்திரா பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு அன்றிரவே போக வேண்டிய சரக்கு. மாநில எல்லையைத் தாண்டி 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு போக வேண்டுமென்றால் பில்லோடு இ-வே பில்லும் வேண்டும். பில் இல்லாமல் லாரியை எடுக்க டிரைவர் தயாராக இல்லை. நாங்கள் மோடத்தை அணைத்துப் போட்டோம். கம்ப்யூட்டர்களை ரீஸ்டார்ட் செய்தோம். இன்டர்நெட் கொடுப்பவருக்குப் போன் செய்தோம். நான் செருகிய கேபிள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு மணிக்கு வேறு வழி தெரியாமல் அதை உருவினேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. லாரி கிளம்பியது. ஆனால் அது போய்ச் சேர்ந்தபோது சரக்கு இறக்கும் நேரம் முடிந்திருந்தது. மறுநாள் காலை போனில் பேச்சு வாங்கியவர் மாமா, நான் அல்ல.

ஸ்விட்ச் எப்படி வேலை செய்கிறது?

ஏன் இப்படி ஆனது என்று புரிய, ஸ்விட்சின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தயாரிக்கும்போதே ஓர் எண் கொடுக்கப்படுகிறது. இது மேக் முகவரி எனப்படும். 48 பிட் நீளம் கொண்டது. கம்ப்யூட்டர் அனுப்பும் டேட்டா சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் அனுப்புபவரின் மேக் முகவரியும் பெறுபவரின் மேக் முகவரியும் எழுதப்படுகின்றன. இந்தப் பொட்டலத்துக்கு பிரேம் என்று பெயர்.

எந்த முகவரி எந்த போர்ட் வழியாக வருகிறது என்பதை ஸ்விட்ச் பார்த்துப் பார்த்துத் தன் நினைவில் ஓர் அட்டவணை போட்டுக்கொள்கிறது. பிறகு அந்த முகவரிக்கு ஒரு பிரேம் வந்தால், அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. நம் தெருவுக்குப் பழகிய போஸ்ட்மேன் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சில பிரேம்கள் "எல்லோருக்கும்" என்று முகவரியிட்டு வரும். உதாரணமாக, "இந்த ஐ.பி. எண் உள்ள பிரிண்டர் யார்? உன் மேக் முகவரியைச் சொல்" என்று கம்ப்யூட்டர் எல்லோரிடமும் கேட்கும். இதற்கு பிராட்காஸ்ட் என்று பெயர். இப்படி ஒன்று வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டுகளுக்கும் ஸ்விட்ச் அதை அனுப்பிவிடும். இந்த விதியை நினைவில் வையுங்கள். சிக்கல் இங்கேதான்.

பிராட்காஸ்ட் புயல்

இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவில் இரண்டு கேபிள்கள். முன்பக்க ஸ்விட்சுக்கு ஒரு பிராட்காஸ்ட் பிரேம் வருகிறது. அது இரண்டு கேபிள்களிலும் அனுப்பப்படுகிறது. முதல் கேபிளில் வந்ததைப் பின்பக்க ஸ்விட்ச் "வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும்" அனுப்புகிறது. இரண்டாவது கேபிளும் அந்த "மற்ற" கணக்கில்தானே வரும்! எனவே அது இரண்டாவது கேபிள் வழியாக முன்பக்கத்துக்கே திரும்பி வருகிறது. இரண்டாவது கேபிளில் போனது முதல் கேபிள் வழியாகத் திரும்புகிறது. முன்பக்க ஸ்விட்ச் இரண்டையும் புதிதாக வந்ததாக எண்ணி மீண்டும் அனுப்புகிறது. செக்கு மாடு மாதிரி அந்த பிரேம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எத்தனை முறை சுற்றும்? முடிவே இல்லை. இன்டர்நெட்டில் போகும் ஐ.பி. பாக்கெட்டில் ஒரு எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். பூஜ்யம் ஆனால் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஈதர்நெட் பிரேமில் அப்படி எந்த எண்ணிக்கையும் இல்லை. அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு பிராட்காஸ்டும் இந்தச் சுழலில் சேர்ந்துகொள்ளும். 100 எம்.பி.பி.எஸ். கேபிளில் விநாடிக்கு 1,48,000 சிறிய பிரேம்கள் வரை போகலாம். அத்தனையும் பயனற்ற பிரேம்களாக நிரம்பிவிட்டால், நம் பில்லுக்கு எங்கே இடம்? இதைத்தான் பிராட்காஸ்ட் ஸ்டார்ம், அதாவது புயல், என்கிறார்கள். எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் மினுக்கியதற்கு இதுவே காரணம்.

ஒரு கேபிளை உறங்க வைக்கும் முறை

அப்படியானால் இரண்டு கேபிள் போடவே கூடாதா? போடலாம். போடவும் வேண்டும். ஒரே கேபிளை எலி கடித்துவிட்டால் பாதி பட்டறை இருண்டுவிடுமே! இதற்கு முதல் தீர்வைக் கண்டவர் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் இன்ஜினியர். டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை செய்தபோது, 1985இல் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார்.

இந்த முறையில் ஸ்விட்சுகள் சில விநாடிகளுக்கு ஒரு முறை தங்களுக்குள் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். எங்காவது ஒரு சுற்று உருவாகியிருந்தால் கண்டுபிடித்து, ஒரு கேபிளைத் தாங்களாகவே உறங்க வைத்துவிடும். வேலை செய்யும் கேபிள் அறுந்தால், உறங்கும் கேபிள் விழித்துக்கொள்ளும். பழைய முறையில் விழிக்க 30 முதல் 50 விநாடிகள் ஆகும். 2001இல் வந்த ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீயில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதிலும் குறை உண்டு. இரண்டு கேபிளுக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டுமே பயன்படுத்துகிறோம். மேலும், நெட்வொர்க் திட்டமில்லாமல் வளர்ந்தால் இந்த முறையும் திணறும். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில் இப்படித்தான் நடந்தது. ஸ்பானிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டி நெட்வொர்க் வளர்ந்திருந்தது. சுமார் நான்கு நாட்கள் மருத்துவர்களும் நர்ஸ்களும் காகிதத்தில் எழுதி, ஆட்கள் மூலம் கொடுத்தனுப்பி வேலை பார்த்தார்கள். எங்கள் பட்டறையில் நின்றது ஒரு லாரி; அங்கே ஒரு மருத்துவமனை.

கல்பனா தந்த வழி

இரண்டு கேபிளையும் ஒரே சமயத்தில் பயன்படுத்த முடியாதா என்று யோசித்தது கல்பனா. இது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர்! இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் என்பவரும் லாரி பிளேர் என்பவரும் தொடங்கிய இந்தக் கம்பெனிக்கு, பரத்வாஜின் மனைவி பெயரையே வைத்தார்கள். பல போர்ட்டுகள் கொண்ட ஈதர்நெட் ஸ்விட்சை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே கம்பெனிதான். அதில் இருந்தவை ஏழு போர்ட்டுகள். 1994இல் சிஸ்கோ இந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது.

கல்பனாவின் யோசனை இதுதான்: இரண்டு கேபிள்களையும் ஒரே கட்டாகக் கட்டி, "இது ஒரே ஒரு கேபிள்தான்" என்று ஸ்விட்சை நினைக்க வைப்பது. அப்போது ஒரு கேபிளில் வந்த பிராட்காஸ்ட் இன்னொரு கேபிளில் திரும்பிப் போகாது. இரண்டும் ஒரே போர்ட்டாகக் கருதப்படுவதால், "வந்த போர்ட்டைத் தவிர" என்ற விதியே அதைத் தடுத்துவிடும். சுற்றும் இல்லை, புயலும் இல்லை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஈதர்சேனல்.

ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு முறை வைத்துக்கொண்டால் ஒன்றோடு ஒன்று சேராது அல்லவா? அதனால் 2000இல் ஐ.இ.இ.இ. அமைப்பு 802.3 ஏடி என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. 2008இல் இது 802.1 ஏஎக்ஸ் என்ற தனித் தரமாக மாற்றப்பட்டது. இதில் உள்ள எல்.ஏ.சி.பி. என்ற விதிமுறைதான் நமக்கு முக்கியம். இரண்டு பக்க ஸ்விட்சுகளும் இதன் மூலம் "நான் இந்தக் கட்டைச் சேர்ந்தவன், நீயும்தானா?" என்று விசாரித்துக்கொள்ளும். இரு பக்கமும் ஒத்துப்போனால் மட்டுமே கேபிள் கட்டில் சேர்க்கப்படும். என்னைப் போல யாராவது தவறாகச் செருகினால், கட்டில் சேராது.

டோல்கேட்டும் டேட்டாவும்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இரண்டு கேபிளும் வேலை செய்கின்றன. வேகம் இரண்டு மடங்காகுமா?

நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் அத்திப்பள்ளி டோல்கேட் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு லேன் இருந்தால் வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்கும். இரண்டு லேன் இருந்தால் வரிசை குறையும். ஆனால் ஒரு லாரியை நடுவில் வெட்டி இரண்டு லேனில் அனுப்ப முடியுமா? லேன் எத்தனை இருந்தாலும், அந்த ஒரு லாரி ஒரு லேனில்தான் போகும்.

இன்னொன்றையும் பாருங்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் நான்கு வேனில் போகிறார்கள். வழி தெரியாததால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை மாறாமல் போக வேண்டும். ஆளுக்கொரு லேனில் புகுந்தால் வரிசை குலைந்துவிடும். எனவே நான்கு வேனும் ஒரே லேனில்தான் போகும். பக்கத்து லேன் காலியாக இருந்தாலும் அப்படித்தான்.

நெட்வொர்க்கிலும் இதே கதைதான். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு அனுப்பும் பிரேம்கள் வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும். மாறினால் பெறும் கம்ப்யூட்டர் குழம்பி மீண்டும் அனுப்பச் சொல்லும், வேகம் குறையும். ஆகவே ஒரு உரையாடல் முழுவதையும் ஸ்விட்ச் ஒரே கேபிளில் அனுப்புகிறது.

எந்த உரையாடல் எந்தக் கேபிளில்?

இதை முடிவு செய்வதற்குத்தான் லோடு பேலன்ஸிங் என்று பெயர். பலரும் நினைப்பது போல், எந்தக் கேபிளில் கூட்டம் குறைவு என்று சாதாரண ஸ்விட்ச் பார்ப்பதில்லை. முகவரிகளை வைத்து ஒரு சிறிய கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை எளிமையாக்கிச் சொல்கிறேன்.

பைல் கம்ப்யூட்டரின் எண் 20 என்று வைத்துக்கொள்வோம். டிராயிங் கம்ப்யூட்டர்களின் எண்கள் 31, 32, 33. இரண்டு எண்களையும் கூட்டுங்கள். விடை இரட்டைப்படை என்றால் முதல் கேபிள், ஒற்றைப்படை என்றால் இரண்டாவது கேபிள்.

31 + 20 = 51. இரண்டாவது கேபிள்.
32 + 20 = 52. முதல் கேபிள்.
33 + 20 = 53. இரண்டாவது கேபிள்.

ஓரளவு பிரிந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று கம்ப்யூட்டர்களின் எண்கள் 32, 34, 36 என்று அமைந்துவிட்டால்? மூன்றுமே முதல் கேபிளில் போய் விழும். இரண்டாவது கேபிள் சும்மா கிடக்கும். கணக்கில் தவறில்லை; எண்கள் அப்படி அமைந்துவிட்டன, அவ்வளவுதான்.

இதைத் தவிர்க்க, நல்ல ஸ்விட்சுகளில் மேக் முகவரியோடு ஐ.பி. முகவரியையும், சிலவற்றில் புரோகிராம்கள் பயன்படுத்தும் போர்ட் எண்ணையும் கணக்கில் சேர்க்கும்படி அமைக்கலாம். கணக்கில் சேரும் எண்கள் கூடக்கூட, டிராஃபிக் சீராகப் பிரியும் வாய்ப்பும் கூடும். கம்ப்யூட்டர்கள் பத்து, இருபது என்று இருந்தால் நன்றாகவே பிரியும். இரண்டே கம்ப்யூட்டர் உள்ள வீட்டில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பட்டறையில் உண்மையான கோளாறு எது?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. எங்கள் பழைய ஸ்விட்சுகள் 100 எம்.பி.பி.எஸ். வேகம் கொண்டவை. இதில்தான் மூன்று பேரும் டிராயிங் திறக்க வேண்டும்.

500 மெகாபைட் உள்ள ஒரு டிராயிங் போல்டரை, ஒருவர் மட்டும் எடுத்தாலே 40 விநாடி ஆகும். மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் இரண்டு நிமிடம். நான் இரண்டாவது கேபிளை முறைப்படி கட்டியிருந்தாலும், ஒருவருக்கு இந்த 40 விநாடிக்குக் கீழே குறைந்திருக்காது. தவிர, பைல் கம்ப்யூட்டருக்குப் போவதே ஒரே ஒரு 100 எம்.பி.பி.எஸ். கேபிள்தான். நடுவில் இரண்டு லேன் போட்டு என்ன பயன்? போய்ச் சேரும் தெரு ஒரு வண்டி அகலம்தானே!

எனவே இரண்டு ஸ்விட்சையும் கிகாபிட் ஸ்விட்சாக மாற்றினோம். அதே போல்டர் இப்போது ஐந்தாறு விநாடிகளில் திறக்கிறது. வேகம் வந்தது கிகாபிட்டால். இரண்டாவது கேபிளால் அல்ல. "அப்புறம் அந்த ரெண்டாவது கேபிள் எதுக்குடா?" என்று மாமா கேட்டார். முதல் கேபிள் அறுந்தாலும் லாரி நிற்காமல் இருப்பதற்கு என்றேன்.

இரண்டு கேபிளும் ஒரே பாதையில் வேண்டாம்

மாற்று வழி வைத்திருப்பதன் அருமை, வழி அடைபடும்போதுதான் தெரியும். 2008 ஜனவரி 30ஆம் தேதி எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே, கடலுக்கடியில் செல்லும் சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டு கேபிள்கள் அறுந்தன. இந்தியா முழுவதும் இன்டர்நெட் தவழ்ந்தது. கிழக்கே சிங்கப்பூர் வழியாகவும் பசிபிக் கடல் வழியாகவும் மாற்றுப் பாதை வைத்திருந்த பெரிய கம்பெனிகள் டிராஃபிக்கை அந்தப் பக்கம் திருப்பிச் சமாளித்தன. அங்கே இந்த வேலையைச் செய்பவை ரவுட்டர்கள், முறையும் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான். மேற்கே போன இரண்டு கேபிளும் ஒரே கடல் பகுதி வழியாகப் போனதால், இரண்டும் சேர்ந்தே போயின.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், கேபிள்கள் பாதிக்கப்பட்டு இன்டர்நெட் தடுமாறியது. ஒரே கம்பத்தில் இரண்டு கேபிள் கட்டி வைத்தால், கம்பம் சாயும்போது இரண்டும் சாயும்.

எனவே பட்டறையில் முதல் கேபிளை இடது சுவர் வழியாகவும், இரண்டாவதை வலது சுவர் வழியாகவும் கொண்டுபோனோம். செலவு கூடுதலாக ஆனது சில மீட்டர் கேபிள்தான்.

ஸ்விட்சே போய்விட்டால்?

நல்ல கேள்வி. கேபிள் இரண்டு இருந்தும் ஸ்விட்ச் ஒன்று எரிந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அதனால் பெரிய டேட்டா சென்டர்களில் ஸ்விட்சையே இரட்டையாக வைக்கிறார்கள். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு கேபிள் முதல் ஸ்விட்சுக்கும், இன்னொன்று இரண்டாவது ஸ்விட்சுக்கும் போகும். அந்த இரண்டு ஸ்விட்சுகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, சர்வரின் கண்ணுக்கு ஒரே ஸ்விட்ச் போலத் தெரியும். ஸ்டாக் என்றும் எம்-லேக் என்றும் இதற்குப் பல பெயர்கள். இரண்டு ஸ்விட்சுக்கும் வெவ்வேறு யு.பி.எஸ். இணைப்பு கொடுப்பார்கள். ஒரே பிளக்கில் இரண்டையும் மாட்டினால் இரட்டையாக வைத்ததற்கே அர்த்தமில்லை.

எங்கள் பட்டறைக்கு அவ்வளவு தேவையில்லை. அதே மாடல் ஸ்விட்ச் ஒன்றை, அமைப்புகள் செய்து பீரோவில் வைத்திருக்கிறோம். போனால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. வீட்டில் உள்ள சாதாரண 5 போர்ட், 8 போர்ட் ஸ்விட்சுகளில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்கு நடுவில் ஒருபோதும் இரண்டு கேபிள் போடாதீர்கள். ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகினாலும் அதே புயல்தான். குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம்!

2. திடீரென்று எல்லா விளக்குகளும் ஒன்றாக மினுக்கி நெட்வொர்க் நின்றுவிட்டால், கடைசியாகச் செருகிய கேபிளை முதலில் உருவிப் பாருங்கள். நான் இழந்த இரண்டரை மணி நேரம் உங்களுக்கு மிச்சம்.

3. வேகம்தான் குறை என்றால், ஸ்விட்ச், கேபிள், கம்ப்யூட்டர் மூன்றும் கிகாபிட் வேகம் கொண்டவையா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் வேகம் அதனளவில்தான் இருக்கும்.

4. கேபிள்களைக் கட்ட வேண்டுமென்றால் ஸ்மார்ட் அல்லது மேனேஜ்டு வகை ஸ்விட்ச் வாங்குங்கள். அதன் மெனுவில் லிங்க் அக்ரிகேஷன், லேக், டிரங்க், போர்ட் சேனல் என்று ஏதாவது ஒரு பெயரில் இது இருக்கும். எல்.ஏ.சி.பி. உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

5. முதலில் இரண்டு ஸ்விட்சிலும் அமைப்பைச் செய்து முடியுங்கள். அதன் பிறகே இரண்டாவது கேபிளைச் செருகுங்கள். கட்டில் உள்ள எல்லா போர்ட்டுகளும் ஒரே வேகம் கொண்டவையாக இருக்க வேண்டும்.

6. இரண்டு பிராட்பேண்ட் இணைப்புகளை ஒரே ரவுட்டரில் சேர்ப்பது வேறு விஷயம். ஆனால் அங்கேயும் பொதுவாக ஒரு இணைப்பில் தொடங்கிய டவுன்லோடு முழுவதும் அதிலேயே போகும். இரண்டு மடங்கு வேகம் என்ற பேச்சை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்பதற்காக வாங்கலாம்.

பிடுங்கிப் பாருங்கள்

கடைசியாக ஒன்று. மாற்று வழி வைத்தால் மட்டும் போதாது. அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் கட்டளையைக் கொடுத்து, அடுத்த பக்கம் உள்ள கம்ப்யூட்டரின் ஐ.பி. எண்ணை டைப் செய்யுங்கள். கடைசியில் ஓர் இடம் விட்டு, ஒரு ஹைபனும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்து என்டர் தட்டுங்கள். பதில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இப்போது ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். ஒரு வரி தவறலாம். உடனே மீண்டும் பதில் வர வேண்டும். திரும்பச் செருகிவிட்டு, அடுத்த கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டு முறையும் பதில் தொடர்ந்தால் உங்கள் வேலை வெற்றி.

இந்தச் சோதனையை நாங்கள் லாரி எதுவும் நிற்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தோம். இரண்டு கேபிளையும் பிடுங்கியது மாமாதான். ஒவ்வொரு முறையும் பதில் தொடர்ந்து வந்தது. அதன் பிறகும் அவர் போட்ட விதி ஒன்று பட்டறையில் இன்றும் இருக்கிறது: மாலை ஐந்து மணிக்கு மேல் என்னை ஸ்விட்ச் பக்கம் யாரும் விடக்கூடாது!